கேள்வி நேரம்

ஜூரோங் வெஸ்ட். உயர்நிலை மூன்று.
தாய்மொழிப் பாட நேரத்தைக் கடன் வாங்கி
முப்பது பேரை ஊடக அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.
ஏர்கான் குளிரில் பாதிப் பேர்
பையைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறார்கள்.

என் மடிக்கணினியில் நாற்பத்திரண்டு படங்கள்.
ஏழாவது, நுரையீரல்.
பன்னிரண்டில், மாம்பழ வாசனைக்குள் என்னென்ன இருக்கிறது.
இருபதில் கஞ்சா, மிட்டாய் உறைக்குள்.
முப்பத்தொன்றில் ஒரு பீர் டின்,
பக்கத்தில் மூளையின் வண்ணப்படம்.

பெட்டியைத் திறந்து காட்டினேன்.
பேனா மாதிரி ஒரு மின்சிகரெட்,
உதட்டுச்சாயம் மாதிரி இன்னொன்று.
"இதெல்லாம் பழசு, மிஸ்."
பின்வரிசையில் சிரிப்பு.
உண்மைதான். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி
எனக்குப் போன மாதம்தான் தெரியும்.

சட்டம் சொன்னேன். அபராதம் சொன்னேன்.
சொல்லச் சொல்ல அந்த முகங்கள்
எம்ஆர்டி அறிவிப்பைக் கேட்கும் முகங்களாயின.
கதவுகள் மூடுகின்றன. தெரியும், தெரியும்.

கேள்வி நேரம்.
ஒரு கை எழுந்தது,
காது வரைக்கும்தான்.
பெயர்ப்பட்டையில் யுகேந்திரன்.
முழங்காலில் காய்ந்துவரும் சிராய்ப்பு.

"மிஸ், ஃபிரெண்டு ஒருத்தன் விழுந்துட்டான்னு வைங்க.
படிக்கட்டுல.
கண்ணு திறந்திருக்கு, ஆனா பார்க்கல.
கை மட்டும் தானா ஆடுது.
995 கூப்பிட்டா
போலீசும் வருவாங்களா?"

தூங்கியவர்கள் யாரும் இப்போது தூங்கவில்லை.
'வைங்க' என்ற அந்தச் சொல்லுக்குக் கீழே
ஒரு புளோக்கின் படிக்கட்டு தெரிந்தது எனக்கு,
எந்த மாடி, எந்தச் சுவர் ஓரம் என்பதுவரை.

நாற்பத்திரண்டில் இந்தப் படம் இல்லை.
வரமாட்டார்கள் என்றால் பொய்யாகலாம்.
வருவார்கள் என்றால்
அடுத்த முறை அவன் விரல்
இரண்டாவது ஒன்பதோடு நின்றுவிடும்.

எனக்குப் பதினேழு வயதில்
(இதை எந்தப் பள்ளியிலும் சொன்னதில்லை)
கால்வாய் ஓரம் நாலு பேர், ஒரு வோட்கா போத்தல்.
ஷு யிங் வாந்தியெடுத்துவிட்டு மல்லாந்து கிடந்தாள்.
யார் வீட்டுக்கு முதலில் தெரியவரும் என்று
இருபது நிமிடம் வாதாடினோம்,
மூன்று புத்திசாலிகள்.
நாயோடு நடக்க வந்த ஒருவர்
அவளைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு
எங்களைக் கேட்காமலே போன் செய்தார்.
அவர் பெயர் இன்றுவரை தெரியாது. நாயின் பெயர் பிஸ்கட்.

கிளிக்கரைக் கீழே வைத்தேன்.
"வரலாம்," என்றேன். "வந்தா கேள்வி கேப்பாங்க.
உனக்கும் கஷ்டம், அவனுக்கும் கஷ்டம். மறைக்க மாட்டேன்.
ஆனா பதில் சொல்ல அவன் இருக்கணும்ல?
முதல்ல கூப்பிடு. பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வை.
என்ன இழுத்தான்னு கேட்டா, உள்ளதைச் சொல்லு.
விட்டுட்டு ஓடாதே."

அவன் தலையாட்டவில்லை.
"எவ்வளவு நேரத்துல வருவாங்க?" என்றான்.
அதற்குள் மணி அடித்துவிட்டது.

கருத்துப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
பயனுள்ளதாக இருந்ததா, ஒன்று முதல் ஐந்துவரை வட்டமிடவும்.
நாலு, நாலு, மூன்று, ஒரு பூனைப் படம், நாலு.
ஒன்றில் வட்டமே இல்லை.
பெயரும் இல்லை.
ஓரத்தில் பென்சிலில், அழித்து மறுபடி எழுதியது:

எந்தப் பக்கம் மிஸ்
இடதா வலதா

வாசலுக்கு ஓடினேன்.
வெளியே மழை. கேன்டீன் முழுக்க
ஒரே வெள்ளைச் சட்டை.