வெள்ளிச் சீப்பு

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
லாரி போனால் அதிரக்கூடாதென்று
நிலத்துக்கடியில், தனி அஸ்திவாரத்தில்
நிற்கிறது எங்கள் மைக்ராஸ்கோப்.
இருந்தும் அதிர்கிறது.
ஒன்றரை மணிச் சரக்கு விமானம் இறங்கும்போது
திரை மயிரிழை நடுங்கும்.

மயிரிழை என்பது இங்கே பெரிய தூரம்.
நூற்றெண்பது பல் வைத்த என் சீப்பு
ஒரு மயிரின் பாதி அகலத்தில்
படுத்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பையன் குச்சியால்
கம்பிக் கேட்டை உரசிக்கொண்டே ஓடுவானே
டரரர என்று,
கம்பி நெருங்கினால் ஒரு சத்தம்
அவன் கால் வேகம் கூடினால் வேறு சத்தம்.
அதேதான்.
இந்தக் குச்சி படாது, அவ்வளவே.

ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கோடு
எலெக்ட்ரான்கள் பற்களுக்கு மேலே
தொடாமல் போகின்றன.
வெள்ளிக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது
யாரோ கடந்தார்களென்று.
அதற்குள் இருக்கும் ஒரு கூட்டம்
ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் சாய்ந்து,
திரும்பவும் ஒதுங்கி,
ஊஞ்சல் என்று எழுதினால் சூன் கியாட் சிரிப்பான்,
பதிவேட்டில் 'ஒத்ததிர்வு' என்றே போட்டிருக்கிறேன்.

பிறகு ஒளி.

சிவப்பாம். அறுநூற்று முப்பது நானோமீட்டராம்.
நான் பார்த்ததில்லை.
எஃகு அறை, வெற்றிடம், உள்ளே ஒரு குழியாடி;
அங்கிருந்து கண்ணாடி நார் ஒன்று
வெளிச்சத்தை எடுத்துப்போய்
எண்ணாக்கித் தருகிறது.
மூன்று மாதமாக நான் பார்ப்பது
அந்த எண்ணின் முகத்தை.

விளக்கு செய்கிறேன் என்றேன் அம்மாவிடம்.
எத்தனை வாட் என்றாள்.
மின்மினி மாதிரி, என்று தொடங்கி நிறுத்தினேன்.
இதற்கு முன்னால் மின்மினி
தீவட்டி.

வியாழன் இரவு சிகரம் நகர்ந்திருந்தது.
அறுநூற்றுத் தொண்ணூறு பக்கம் போய்
அகன்று, தேய்ந்து, சோர்ந்து கிடந்தது.
கற்றையைச் சரிபார்த்தேன். ஆடியைச் சரிபார்த்தேன்.
நாரைக் கழற்றி மாட்டினேன்.
ஹாஜர் முகக்கவசத்தை இறக்கி
காற்றை முகர்ந்தாள்.

ரெண்டே சுளை, என்று சத்தியம் செய்தான் சூன் கியாட்,
பாலிக் பூலாவ், மாமா தோட்டத்தில் தானாக விழுந்தது,
டப்பாவில்தான், மூடித்தான்,
வெளியறையில்தான்,
மாதிரி அலமாரிக்குக் கீழே.

டுரியானில் கந்தகம் உண்டு.
கந்தகத்துக்கும் வெள்ளிக்கும் ஆகாது,
என் கொலுசைக் கேட்டால் சொல்லும்.
சில அணுக்கள் கனத்தில் ஒரு கறுப்பு, போதும்.
மிருதங்கத்தின் இடந்தலையில் ரவை பூசினால்
சுருதி இறங்குமே, அப்படி
இறங்கிவிட்டது என் சிவப்பு.

நிரூபிக்க முடியாது.
'சூழல் காரணம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
கீழே ஹாஜரும் போட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.
புதுச் சீப்பு செதுக்க இரண்டு வாரம்.

ஷிப்ட் முடிந்ததும் அவன் காரின் டிக்கியைத் திறந்தான்.
முழுப் பழம், எனக்காம், பிராயச்சித்தமாம்.
மூன்று பேரும் கார்ப்பார்க்கில் நின்றபடி
சுளை சுளையாகச் சாப்பிட்டோம்.
அவன் நல்லவன்தான்.
பழமும்.

ஏழரை மணி. பிறைக்குப் போகும் கம்பெனி பஸ்.
பாலம் வளைகிற இடத்தில்
வெயில் பக்கவாட்டில் வருகிறது.
கண்ணை மூடியிருக்கிறேன்.
கம்பி வெளிச்சம் கம்பி வெளிச்சம்
இமைக்குள்ளே சிவப்பு
அடித்து அடித்து எரிகிறது.
எத்தனை நானோமீட்டர் என்று சொல்ல
இங்கே யாருமில்லை.

டிரைவர் வேகத்தைக் கூட்டுகிறார்.
கம்பிகள் நெருங்குகின்றன.
முன்சீட்டு அக்கா திரும்பி என் கைகளைப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
ஜன்னலைத் திறக்கிறாள்.