மூக்குக்கு யார் சொன்னது

கோப்லிக்குப் போகும் டிராம்
மூடிக்கிடக்கும் பஞ்சாலையருகே வளைகிற இடத்தில்
தீமுருக்குக் கொட்டாவி வந்ததாம்.
ஒன்று. இன்னொன்று.
பிறகு எண்ணவில்லை.
கண்ணில் நீர், மூக்கில் நீர்,
கையில் மயிர் குத்திட்டு நின்றதாம்
இறகு பிடுங்கிய வாத்தைப் போல.

பதினோரு மாதம் நார்வேயில்
மீனுக்குக் குடல் எடுத்துக்கொண்டிருந்தான்.
அங்கே ஒருநாளும் இப்படி இல்லை,
கனவில்கூட.
"நான் அதை நினைக்கவே இல்லை.
அம்மாவுக்கு வாங்கிய காலுறை
சிறிதாகிவிடுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
பின்னே மூக்குக்கு யார் சொன்னது?"
என் சன்னலில் முழங்கையை ஊன்றிச் சிரிக்கிறான்.
தாலினில் அன்று மழையும் இல்லை, பனியும் இல்லை.
இரண்டுக்கும் நடுவில் ஏதோ விழுந்துகொண்டிருந்தது.

என் வேலை ஊசி எண்ணுவது.
பழையதைப் போட்டால் புதியது.
சம்பள வாரத்தில் நானூறு வரும்,
மாதக் கடைசியில் நூறுகூடத் தேறாது.
விடுமுறைக்கு முந்தைய நாள்
இரண்டு பெட்டி கூடுதலாகத் திறந்து வைப்பேன்.
பெயர் கேட்பதில்லை. அறிவுரை
என் சம்பளத்தில் சேர்த்தி இல்லை.
ஆனால் கேள்விக்குப் பதில் தெரிந்தால்
வாயை மூடிக்கொண்டிருக்க முடிவதில்லை.

அது மூச்சைக் கீழே அழுத்தும்,
குடலைக் கட்டிப்போடும்,
கண்ணையும் மூக்கையும் உலர்த்தும்.
நாலைந்து முறை அடிபட்ட மூளை
வாசலிலேயே காத்திருக்கப் பழகுகிறது.
கரண்டி தெரிந்தால், லைட்டர் சொடுக்கினால்,
அந்தப் படிக்கட்டின் மூத்திர நாற்றம் வந்தால்,
டிராம் வளைந்தால்,
இதோ வருகிறது என்று
எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் தள்ளி நிற்கிறது.
அதனால்தான் பழகப் பழகப் பாலும் புளித்தது.
நெருப்புக்குச்சித் தலையளவு போதுமென்று இருந்தவனுக்கு
நாலு மடங்கு வேண்டியிருந்தது,
அதுவும் சுகத்துக்கு இல்லை,
காலையில் குனிந்து ஷூ கயிறு கட்ட.

வர வேண்டியது வராவிட்டாலோ
தள்ளிய தள்ளு மட்டும் மிஞ்சும்.
கொட்டாவி. கண்ணீர். வாத்துத் தோல்.
பதினோரு மாதமாக உன் மூளை
உனக்காக அந்த வளைவிலேயே நின்றிருக்கிறது, தீமுர்.
நார்வேக்கு அதற்கு டிக்கெட் எடுக்கவில்லை நீ.

அவன் சிரிப்பை நிறுத்தினான்.
"ரைன்?" என்றான்.

ரைன்.
நாலு வருடம் ஒரே படிக்கட்டின் கீழே.
அதே ஆள், அதே பொட்டலம், அதே அளவு.
அவன் அக்கா லாஸ்னமேயில் வீடு வாங்கினாள்.
வெள்ளை ஓடு பதித்த குளியலறை,
எலுமிச்சை சோப்பு,
இன்னும் பிளாஸ்டிக் பிரிக்காத கண்ணாடி.
மூளைக்கு அங்கே எதுவும் அடையாளம் தெரியவில்லை.
வருகிறது என்று யாரும் சொல்லவில்லை.
என்றைக்கும் போட்ட அளவுதான்.
கதவை உடைத்தபோது
வெந்நீர் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

"அப்படியென்றால் அந்த நாறிய படிக்கட்டுதான்
அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததா?"

இதற்கு ஆமாம் என்று சொல்ல
எனக்கு எந்தப் பயிற்சியிலும் கற்றுத்தரவில்லை.
மேசையைத் துடைத்தேன்.
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.
உனக்கும் இப்போது பழைய அளவு பழைய அளவில்லை,
தெரியும்தானே, என்றேன்.
தெரியும் என்றான்.
தெரிந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

ஊசி கேட்கவில்லை.
மூச்சு நின்றவர் மூக்கில் அடிக்கும் மருந்து
ஒன்று கேட்டான். கொடுத்தேன்.
யாருக்கு என்று இருவரும் பேசவில்லை.
இனிமேல் கடலோரமாக நடந்தே போகிறேன்,
நாற்பது நிமிஷம்தானே, என்றான்,
அம்மாவின் காலுறையை உள்பைக்குள் திணித்தபடி.

வெளியே டிராம் மணி அடித்தது.
அவன் கொட்டாவி விட்டான்.
நானும் விட்டேன்.
கொட்டாவி தொற்றும் என்பார்கள், அதுவாக இருக்கும்.
எனக்கு ஒன்பது வருடம், நாலு மாதம்.