உண்ணி

செவ்வாய்ப்பேட்டை அடகுக் கடையில்
எனக்கு வேலை உரசிப் பார்ப்பது.
கொலுசை, அரைஞாணை,
சில நாள் ஆட்களின் முகத்தையும்.

பர்மாக் காலனி ரஞ்சிதம்
தேன்மிட்டாய் அளவில் ஒரு மணியை
மேசையில் வைத்தார்.
அறுபத்து நாலில் கப்பலில் வந்ததாம்.
தாலிக்கொடி வரை நிறுத்துப் பார்த்த சுங்கக்காரன்
சட்டைப் பொத்தான் என்று இதை விட்டுவிட்டானாம்.
“எவ்வளவுங்க தேறும்?”

உப்பை முட்டக் கரைத்த தண்ணீரில் போட்டேன், மிதந்தது.
கம்பளியில் தேய்த்தேன்,
ரசீதுக் கிழிசல்கள் ஓடி வந்து ஒட்டின.
சுட்ட ஊசியால் துளை ஓரம் தொட்டபோது
கடை முழுக்கக் குங்கிலிய வாசம்.
பத்துக் கோடி வருஷம் மூடியிருந்த காடு
மின்விசிறிக் காற்றில்
அரை நிமிஷத்தில் கலைந்து போனது.

லென்ஸை இறக்கினேன்.
உள்ளே ஓர் உண்ணி.
நாயின் காதுமடலில் பிடுங்கி எறிவோமே, அதேதான்.
ஒரு காலில் இறகின் இழை சுற்றியிருந்தது,
கோழி என்ற ஒன்று
இன்னும் வந்து சேராத காலத்து இறகு.

டைனோசர் என்றால் நமக்கு
அரியலூர்ப் பக்கத்து எலும்பு, முட்டை, தொடை நீளம்.
அதற்கு அரித்தது என்று
எந்த எலும்பும் சொன்னதில்லை.
எவ்வளவு பெரிய உடம்பானாலும்
கழுத்துக்குப் பின்னால்
எட்டாத இடம் ஒன்று இருந்திருக்கிறது.

பக்கத்தில் கொசு மாதிரி ஒன்றின் பாதி.
மகரந்தப் பொடி. கடல்மணல் போல ஒரு துகள்.
நூல் கோக்க ஓட்டை போட்டவன்
இன்னொரு பிராணியைத் தலையோடு துளைத்து எடுத்துவிட்டான்.
அது என்னவென்று இனி யாருக்கும் தெரியாது.
அந்த மரத்துப் பக்கமே வராதவை,
வந்தும் தப்பியவை
பற்றியும் மணி வாய் திறக்கவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார்:
“பூச்சி விழுந்த சரக்கு. திருப்பிக் குடு.”
ரஞ்சிதம் லென்ஸில் குனிந்தார், சிரித்தார்.
“இத்தனை வருஷம் கழுத்துல உண்ணியா!”
பிடரியைச் சொறிந்துகொண்டே
படியிறங்கினார்.

ஞாயிறு ஏற்காட்டில் மச்சான் வீட்டுக்குப் பால் காய்ச்சு.
இருபதாவது கொண்டை ஊசியில்
சின்னவளுக்கு வாந்தி. பஸ் நின்றது.
சாலைக்காகக் குடைந்த பாறையைப் பார்த்தேன்.
வயது இருநூற்றைம்பது கோடி என்கிறார்கள்.
இவ்வளவு வயசாகியும்
ஒரு பூச்சியைக்கூடப் பார்த்து வைக்கவில்லை.

புது வீட்டை ஒட்டி ஓர் அரௌக்கேரியா,
வெள்ளைக்காரன் நட்டது.
மணியைச் சிந்திய மரத்துக்குத்
தூரத்துப் பங்காளி முறையாக இருக்கலாம்.
‘மனை விற்பனைக்கு’ பலகை அறைந்த ஆணியடியில்
பிசின் திரண்டு நின்றது.
சில்வர் ஓக் கோந்து ஒரு மழைக்குத் தாங்காது.
இது கரையாது.
அதில் காப்பிக்காய்த் துளைப்பான் இரண்டு,
டீசல் கரி,
யார் பிறந்த நாளிலோ பறந்த ஜிகினா,
பின்னங்கால் மட்டும் மாட்டிய
ஓர் எறும்பு, உயிரோடு.

இன்னும் பத்துக் கோடி வருஷம் கழித்து
எவரோ உரசிப் பார்ப்பார்.
விட்டுவிட்டால் எறும்பு இருந்தது என்று தெரியும்.

குண்டூசியால் நெம்பினேன்.
கால் அங்கேயே நின்றுவிட்டது.
மீதி ஐந்தோடு
பலகையில் எழுதிய கைப்பேசி எண்ணின் மேல்
ஏறிப் போயிற்று, கோணலாக.