சற்றுமுன்

தண்டர் பேயில் மைனஸ் இருபத்தெட்டு.
வெளி இடைவேளை ரத்து.
தானியக் கிடங்குகளுக்குக் கீழே
ஏரி கரையோரம் கெட்டித்துக் கிடக்கிறது.

இரண்டாம் வகுப்பில்
ஜன்னலோர மூன்றாவது மேசை ஈரோவுடையது.
அரையடி பின்னால் போட்ட நாற்காலி என்னுடையது.
மடியில் ஒரு தாள், தாளில் மூன்று கட்டம்:
சற்றுமுன் என்ன நடந்தது.
அவன் என்ன செய்தான்.
பிறகு என்ன ஆனது.

நடுக் கட்டம் எளிது.
காதில் அறைந்துகொண்டான்.
மறுபடி அறைந்துகொண்டான்.
வலது கை, வலது காது, விரல்கள் விரிந்து.
கடைசிக் கட்டமும் எளிது:
நட்சத்திரம் தரப்படவில்லை.
(ஐந்து சேர்ந்தால் நான்கு நிமிடம்
சலவை இயந்திரம் சுழலும் வீடியோ.
அதைப் பார்க்கும்போது அவன் முகம் இருக்கிறதே,
அதற்கு இந்தத் தாளில் இடமில்லை.)

முதல் கட்டத்தில்தான்
பதினோரு நாளாக ஒரே சொல்:
ஒன்றுமில்லை.

குழாய் விளக்கை அணைத்துப் பார்த்தேன்.
என் சோப்பை மாற்றினேன்.
வெந்நீர்க் குழாய் முனகுகிறதோ என்று
சுவரில் காதை வைத்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள்.
நாற்பத்தொன்று. மறுநாள் நாற்பத்தாறு.
"ஐந்து நட்சத்திரம் அவனுக்கு அதிகம்,
மூன்றாக்கிப் பார்ப்போம்" என்றார்
மேற்பார்வைக்கு வரும் டோரீன் கொவல்சுக்.
நல்லவர். பனி பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டுக்
கம்பளிக் காலுறையோடுதான் உள்ளே வருவார்,
அவனுக்காக.

வியாழக்கிழமை, கழித்தல் பாடம்.
கட்டைவிரல் வலித்தது.
எண்ணும் பொத்தானை மேசைமேல் வைத்தேன்.
ஈரோ திரும்பினான்.
என்னை அல்ல, அதைப் பார்த்தான்.
எடுத்து மஃப்ளரில் சுற்றினான்,
இரண்டு சுற்று, மூன்று சுற்று.
மஃப்ளரைத் தொப்பிக்குள், தொப்பியைப் பைக்குள்,
பையைக் கடைசிக் கொக்கியில்.
வந்து உட்கார்ந்து
பதினேழிலிருந்து ஒன்பதைக் கழித்தான்.

டிக்.
ஒவ்வோர் அறைக்கும் ஒரு டிக் வைத்தேன்.
ஒவ்வொரு டிக்குக்கும் அவன் ஓர் அறை வைத்தான்.
பதினோரு நாள்
இருவருமே கணக்குத் தவறவில்லை.

இப்போது என் இடது பாக்கெட்டில் காய்ந்த பட்டாணி.
ஓர் அறைக்கு ஒன்று, சத்தமில்லாமல்
வலது பாக்கெட்டுக்குப் போகும்.
வரைபடத்தில் கோடு மடாரென்று விழுந்தது.
"மூன்று நட்சத்திரம் பலித்துவிட்டது!" என்றார் டோரீன்.
பேசாமல் இருந்திருக்கலாம்.
தாளை நீட்டினேன்.
முதல் கட்டத்தில் ஒன்றுமில்லை என்றிருந்த இடமெல்லாம்
அடித்து, மேலே எழுதியிருந்தேன்:
நான்.

அவர் வெகுநேரம் படித்தார், அவ்வளவு சின்னச் சொல்லை.
பிறகு கையை நீட்டி
எனக்கும் கொஞ்சம் பட்டாணி கொடு என்றார்,
இன்னொரு பள்ளியில் இன்னொரு பையன் இருக்கிறானாம்.

இன்றைக்கு மூன்று பட்டாணி இடம் மாறின.
அந்த மூன்றுக்கும் முன்னால் என்ன,
தெரியவில்லை.
கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.
ஒன்றுமில்லை என்று
இப்போதெல்லாம் எழுதுவதில்லை.