மிச்சம் பிடித்த வருடம்

காலை ஒன்பதுக்கு ரேடியோ லேப்.
மூன்று நொடி பேச்சு நின்றால்
கண்ணாடிக்கு அப்பால் கை ஆட்டுவார் ஃபெலிசிட்டா மேடம்.
‘டெட் ஏர், டெட் ஏர்!
எதையாவது சொல்லு, மழை பெய்யுதுன்னாவது சொல்லு.’

பதினொன்றரைக்கு அதே மாடியில்
அரசியல் சாசனம், உறுப்பு இருபது.
குற்றம் சாட்டப்பட்டவர்
தனக்கு எதிராகத் தானே வாய் திறக்க வேண்டாம்.
இரண்டு கோடு இழுத்து வைத்தேன்.

ஆறு வருடப் படிப்பு ஐந்தில் முடியும் என்றார்கள்.
மிச்சம் பிடித்த அந்த ஒரு வருடத்தை
அட்மிஷன் அன்றே அப்பா செலவழித்துவிட்டார்:
லிங்கராஜபுரத்தில் தண்ணீர் வரும் வீடு ஒன்றுக்கு
பத்து மாத அட்வான்ஸ்,
ஆட்டோவுக்கு எஃப்.சி.,
அம்மாவின் கடைவாய்ப் பல்.

எனக்கென்னவோ அது
ஹெப்பாள் பாலத்தில் மாட்டிய பஸ்போல
எங்கோ நிற்பதாகத் தோன்றும்.
ஜன்னலோரம் நான்,
மடியில் புத்தகம் இல்லாமல்.

நேற்று அப்பா நடந்து வந்தார்.
கீழுதடு வீங்கியிருந்தது.
ஆட்டோ ஸ்டேஷனில் இருக்கிறதாம்.
யாரு, எதுக்கு,
எதிலாவது கையெழுத்து வாங்கினாங்களா?

ஒன்று.
இரண்டு.
மூன்று.

அம்மா குக்கரை இறக்கவில்லை.
சொல்லுங்கப்பா என்று
நாக்கு நுனிவரை வந்த ஒன்பது மணியை
பதினொன்றரை பிடித்து இழுத்தது.

உதட்டின் நல்ல பக்கமாக
ஒரு வாய் ரசச் சோறு ஒதுக்கிக்கொண்டு
அவர் கேட்டார்:
‘செமஸ்டர் ஃபீஸ் கடைசித் தேதி எப்போ?’