பதினொரு டிக்கெட்

முதல் போஸ்டரில் என் பெயர் டிஜே கனி.
சமாதானபுரத்துக் கல்யாண மண்டபம், வாடகைக்கு ஒரு டாடா ஏஸ்.
இடது பெட்டியின் கூம்பு கிழிந்து
ஒவ்வோர் அடிக்குப் பின்னும் ஒரு சிறு இருமல்.
பசை போட்டு ஒட்டினேன்.
இருமல் நிற்கவில்லை.

மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பாட்டு போடுவார்கள்.
முகம் மரியாதைக்குச் சிரிக்கும்,
மொய் எழுதிய முகம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.
காலுக்கு அந்த நாகரிகம் தெரியாது.
செருப்பைத் துழாவத் தொடங்கிய காலைக் கண்டால்
இருபது விநாடிக்குள் பாட்டை மாற்றியாக வேண்டும்.
"பொம்பளப் புள்ளையா போடுது?" என்று
மாப்பிள்ளையின் சித்தப்பா மேடையேறி வந்தார்.
உறுமியை மட்டும் தனியாக ஓடவிட்டேன்.
கேட்டுக்கொண்டே ஆடினார்.

அடுத்தது டைட்டில் கார்டு:
இசை மேற்பார்வை, ஜெ. கனி.
மியூசிக் டைரக்டரா? இல்லை.
பாடுவியா? இல்லை.
ஏற்கெனவே இருக்கிற பாட்டு யாருடையது என்று தேடிப்போய்
கதவைத் தட்டும் வேலை.

நாற்பத்தொரு விநாடி வில்லுப்பாட்டுக்காக
நான்கு பஸ் மாறினேன்.
கேசட் கம்பெனி நடத்தியவர் ஆலங்குளத்தில் உரக்கடை போட்டிருந்தார்.
"அதுக்கு நானாம்மா ஓனரு?" என்று
என்னிடமே கேட்டார்.
பாடியவரின் மகள் முக்கூடலில், மடியில் பீடித்தட்டு.
எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கவில்லை,
"சாவு வீட்டுல போட்டுராதிய" என்றாள்.

சாவு வீட்டில்தான் வருகிறது.

இயக்குநரோடு மூன்று நாள் சண்டை.
சாவைச் சத்தமில்லாமல் விட்டோம்,
பாட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனது.
அனுமதிக் கடிதம் யூரியா பில்லின் பின்பக்கம்.
சென்னை வக்கீல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பார்ப்பது போல.

மூன்றாவது முறை முழுப்பெயர்.
தயாரிப்பு: அ. ஜெபக்கனி.
ஜெனரேட்டருக்கு டீசல், பேட்டா,
அறுபது பேருக்குச் சொதி, அதில் எட்டுப் பேருக்கு இஞ்சித் துவையல் ஆகாது.
மிக்சரையும் பெட்டிகளையும் கடையத்துப் பையன் ஒருவனுக்கு விற்றேன்.
"இருமுதேக்கா" என்றான்.
"பழகிரும்."
அது இரண்டு நாள் பேட்டா.

பணகுடிக் காற்றாலைகளுக்குக் கீழே, ஆனி மாதம்.
ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
"மேடம், காத்த நிறுத்த முடியுமா?"
அதுவரை எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வந்தார்கள்.
முடியாது என்றேன்.
அன்றைக்குச் செலவில்லாமல் நான் சொன்ன ஒரே பதில்.
நான்கு நிமிடம், அவளும் காற்றும் மட்டும்.
பாட்டு வேண்டும் என்றவர்களிடம்
பத்து வருஷம் பாட்டு போட்டவள் சொல்கிறேன், வேண்டாம் என்றேன்.

ஆவணி வெள்ளி, தென்காசி, மாலைக் காட்சி.
பதினொரு டிக்கெட். அதில் ஒன்று என்னுடையது.
கடைசி வரிசையில் உட்கார்ந்து
திரையைப் பார்க்காமல் கால்களைப் பார்த்தேன்.
இருட்டில் பாதிக் கால்தான் தெரிகிறது.
ஒருவர் எழுந்தார், போனை எடுத்துக்கொண்டு.
திரும்பி வந்தார். அதற்கே கும்பிடத் தோன்றியது.

காற்றாலைக் காட்சி.
சுவருக்கு அந்தப் பக்கம் மண்டபம், வரவேற்பு.
தம்.
அதன் பின்னால் ஒரு சிறு இருமல்.
தம். மறுபடி.

என் பெட்டி.
எனக்குத் தெரியாதா.

ஆபரேட்டரிடம் ஓடிப் படத்தின் சத்தத்தைக் கூட்டச் சொல்ல எழுந்தேன்.
நான்காவது வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர்
செருப்பைக் கழற்றிவிட்டு,
கண் திரையில் இருக்க,
பெருவிரலால் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்.
காற்றாலை சுற்றும் வேகமும் அதுதான்,
பக்கத்து மண்டபத்துத் தாளமும் அதுதான்.
உட்கார்ந்தேன்.

எதற்குத் தட்டினீர்கள் என்று இடைவேளையில் கேட்டிருக்கலாம்.
டீ வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால்தான் நின்றார்.
திரும்பி, ஐம்பதுக்குச் சில்லறை இருக்குமா என்றார்.
இருந்தது.