நாலு காடிப் புல்லி

ராத்திரி இரண்டே முக்காலுக்கு
சி.டி.சி. மிஷினில் ஒரு பெல்ட் அறுந்தது.
பெரிய சத்தமில்லை,
ஈரத் துணியைக் கல்லில் ஒரே அடி அடித்ததுபோல.
உருளைகள் நிற்கவில்லை. மீதி மூன்றும் இழுத்தன.
நான்தான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

மஞ்சூரில் அந்த நேரத்துக்கு
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஊரே கிடையாது,
லாரி நின்ற இடத்தில் மேகம் நின்றது.
இந்தப் பக்கம்
எட்டாயிரம் கிலோ கொழுந்து
வாடிப் படுத்திருந்தது.
வாடிய இலை யாருக்காகவும் காத்திருக்காது.

கூண்டைக் கழற்றினேன்.
ரப்பர், உள்ளே நூல், மேலே துணி உறை.
மேலே அகலம், கீழே ஒடுக்கம்.
காடியின் அடியை அது தொடவே கூடாது,
தொட்டால் வழுக்கும்.
இரண்டு சுவரிலும் விலாவை அழுத்தித்தான் பிடிக்கும்,
ஊட்டி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில்
நாலாவதாக நுழைகிறவன்போல.
சுமை ஏற ஏற இன்னும் இறுகும்.

ஸ்டோர் சுவரில் ஆணிக்கு ஆணி தொங்குகின்றன:
சல்லடைக்கு ஏ, டிரையர் விசிறிக்கு பி,
சின்னப் புல்லியில் ஒடுங்கி வளைய
உட்புறம் பல் வெட்டிய ஒன்று,
யோகராணி அதை முதலை என்பாள்.
நோட்டைப் புரட்டிச் சொன்னாள்:
'சி நூற்றிருபது ஒண்ணுதான் இருக்கு.'
ஹாலா கவுடர் போனில்:
'ஒண்ணுதானே அறுந்தது. ஒண்ணைப் போடு.'

மற்ற மூன்றும் நாலு வருஷம் ஓடி நீண்டவை.
புதுசு இன்னும் நீளவில்லை.
காடியில் அது விறைப்பாக நிற்கும்,
பாரமெல்லாம் அதன்மேல் விழும்.
பழசு மூன்றும் கூடவே சுற்றும். இழுக்காது.
தூரத்திலிருந்து பார்த்தால்
நாலும் வேலை செய்வதுபோலத்தான் இருக்கும்.

சேவியர் திருப்பூர் போனபிறகு
இரவு ஷிப்டில் நான், நஞ்சன், பெஞ்சமின்.
நாலாவது ஆளாய் ஆடியில் ஒரு பையன் வந்தான்,
லோகு, கூடலூர்ப் பக்கம்.
தொட்டியிலிருந்து இலை அள்ள அவன்,
மூட்டை ஏற்ற அவன்,
உருளைக்கு அடியில் படுத்துத் துடைக்க அவன்.
நாங்களும் சும்மா இல்லை, சுற்றிக்கொண்டுதான் இருந்தோம்.
இருபத்தோராம் நாள் அவன் வரவில்லை.
'இந்தக் காலத்துப் பசங்க' என்றார் பெஞ்சமின்.
நான் தலையாட்டினேன்.

'போட மாட்டேன்' என்றேன் போனில்.
'மூணிலேயே ஓட்டுறேன், இலையைக் குறைச்சு விட்டு.
காலையில குன்னூரிலிருந்து நாலும் ஒரே செட்டா வரட்டும்.'
அந்தப் பக்கம் ஒரு மூச்சு,
கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும் மூச்சு.
பிறகு, 'சரி.'

முதல் பஸ்ஸில் அட்டைப்பெட்டி வந்தது.
நாலிலும் ஒரே எண் அச்சடித்திருந்தது.
நஞ்சன் கடப்பாரையோடு வந்தான்,
நெம்பி ஏற்றினால் உள்நூல் அறும்,
வெளியே தெரியாது.
மோட்டாரின் நட்டுகளைத் தளர்த்தி முன்னால் தள்ளினேன்.
நாலும் கையாலேயே ஏறின.
இரண்டு புல்லிக்கும் நூல் பிடித்து நேர் பார்த்து
மோட்டாரைப் பின்னுக்கு இழுத்து இறுக்கினேன்.
நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால்
ஒரு விரல் தடிமன் உள்வாங்க வேண்டும்.
அதற்குமேல் இறுக்கினால் பேரிங் அழும்.

ஸ்விட்ச் போட்டதும் கிறீச்சிட்டது, குளிர்.
பெஞ்சமின் சோப்புக்கட்டியோடு ஓடிவந்தார்.
வேண்டாம் என்று கைகாட்டினேன்.
பத்து எண்ணுவதற்குள் அதுவாக அடங்கியது.

கழற்றிய மூன்றில் ஒன்றை
நஞ்சன் கேட்டில் கட்ட எடுத்துப்போனான்.
ஒற்றைப் புதுசு ஆணியிலேயே தொங்குகிறது,
யோகராணி சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'தனி.'

புது பெல்ட் முதல் நாளில் கொஞ்சம் இளகும்.
நாளை இரவு மறுபடி இறுக்க வேண்டும்.
மறந்துவிடுவேன் என்று
சட்டைப்பையிலிருந்த துண்டுத்தாளை எடுத்தேன்.
பின்பக்கத்தில்
லோகு எழுதிக்கொடுத்த நம்பர் இருந்தது.